கொழும்புக்குப் போகாத பிரதமர்

2024 அக்டோபர் கடைசி வாரத்தில் சமோவாவின் தலைநகர் அபியாவில் காமன்வெல்த் நாடுகளின் தலைவர்கள் கூடினார்கள். பிரதமர் மோடி போகவில்லை. அதே நாள்களில் ரஷ்யாவின் கசான் நகரில் பிரிக்ஸ் மாநாடு இருந்தது, அங்கே போய்விட்டார். அபியாவுக்கு மத்திய அமைச்சர் கிரண் ரிஜிஜு போனார். செய்தித்தாளின் உள்பக்கத்தில் ஒரு பத்தியாக அது வந்திருந்தது. தமிழ்நாட்டில் யாரும் அதைப் பேசியதாக எனக்கு நினைவில்லை. பேச வேண்டிய அவசியமும் இல்லைதான். 2015 மால்டா மாநாட்டுக்கு சுஷ்மா ஸ்வராஜ் போனார், 2022 கிகாலி மாநாட்டுக்கு ஜெய்சங்கர் போனார். 2018இல் லண்டனில் நடந்ததற்கு மட்டும் பிரதமர் நேரில் போனார். இந்தியப் பிரதமர் இந்த மாநாட்டுக்குப் போகாமல் இருப்பது இப்போது வழக்கமாகவே ஆகிவிட்டது.

ஆனால் அந்த ஒற்றைப் பத்தியைப் படித்ததும் எனக்கு 2013 நவம்பர் ஞாபகம் வந்துவிட்டது. இதே மாநாடு, இதே கேள்வி: பிரதமர் போகிறாரா, இல்லையா? அன்றைக்கு அது தமிழ்நாட்டையே உலுக்கிய கேள்வி. மாநாடு நடந்த இடம் கொழும்பு, நடத்தியவர் இலங்கை அதிபர் மகிந்த ராஜபக்சே. ஈழப் போர் முடிந்து நாலரை ஆண்டுதான் ஆகியிருந்தது. அந்த வருடம் மார்ச்சில்தான் மாணவர்கள் கல்லூரி கல்லூரியாக உண்ணாவிரதம் இருந்தார்கள், திமுக மத்திய அரசிலிருந்து வெளியே வந்தது. அக்டோபர் 24 அன்று சட்டப்பேரவையில் ஒருமனதாகத் தீர்மானம்: இந்தியா இந்த மாநாட்டை முழுமையாகப் புறக்கணிக்க வேண்டும், பெயரளவுக்குக்கூட ஒருவரை அனுப்பக் கூடாது, இலங்கையைக் காமன்வெல்த்திலிருந்து தற்காலிகமாக நீக்க வேண்டும். கடைசியில் மன்மோகன் சிங் போகவில்லை. வெளியுறவுத் துறை அமைச்சர் சல்மான் குர்ஷித் போனார். அது போதாது என்று நவம்பர் 12 அன்று பேரவை மறுபடி கூடி இன்னொரு தீர்மானம் போட்டது.

அவர் போகாதது சரியா? அன்றிலிருந்து இந்தக் கேள்வி எனக்குள் ஒரு பக்கமாகப் படுத்துக்கொள்ள மறுக்கிறது. சரி என்று யாராவது சொன்னால் எதிர்த்துப் பேசத் தோன்றுகிறது. தப்பு என்று சொன்னாலும் அப்படித்தான்.

அந்த வாரம் வளசரவாக்கத்தில் ஒரு நண்பனின் வீட்டில் இருந்தேன். அவனுடைய அம்மா யாழ்ப்பாணத்துக் கொக்குவில்காரர். தொண்ணூறுகளில் இங்கே வந்தவர். தொலைக்காட்சியில் ஒருவர் மேசையைத் தட்டித் தட்டி, ஒரு இந்தியன்கூட அந்த மண்ணில் கால் வைக்கக் கூடாது என்று முழங்கிக்கொண்டிருந்தார். அன்ரி வெங்காயம் உரித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “அவர் வராட்டில் ஆருக்கு நட்டம், தம்பி? மகிந்தவுக்கோ, எங்களுக்கோ?” என்றார். போனால் ராஜபக்சேவுக்கு மரியாதை கொடுத்த மாதிரி ஆகிவிடாதா அன்ரி என்றேன். “அதெல்லாம் ஆகும்தான். ஆனா கொழும்பு மட்டும் வந்திட்டுப் போறதெண்டால்தான் அவருக்கு மரியாதை. எங்கட பக்கமும் ஒருக்கா வந்தால் அது எங்களுக்கு மரியாதை” என்றார். மேசையைத் தட்டியவரிடம் இதற்குப் பதில் இருந்திருக்குமா தெரியவில்லை. என்னிடம் இல்லை.

மாநாடு நடத்துபவருக்கு என்ன கிடைக்கிறது

காமன்வெல்த் மாநாடு என்றாலே பழைய வெள்ளைக்காரக் குடும்பத்தின் ஒன்றுகூடல், அரச குடும்பத்தவர் வருவார், படம் எடுத்துக்கொள்வார்கள், கலைவார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பாதி உண்மை. ஓட்டெடுப்பு கிடையாது, எல்லாம் ஒருமித்த கருத்து. கடைசியில் வரும் கூட்டறிக்கையைப் படித்தால் தூக்கம் வரும். ஆனால் 1971இல் சிங்கப்பூரில் இந்தப் பெயரோடு தொடங்கிய காலத்திலிருந்து, ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கூடிவரும் இந்த மாநாட்டில், அறிக்கைக்கு வெளியே சில காரியங்கள் நடந்திருக்கின்றன. 1973இல் ஒட்டாவாவில் கூடியபோது, எழுதி எடுத்துவந்த உரைகளை மாறி மாறி வாசிக்கும் பழக்கத்தைக் கனடா பிரதமர் பியர் ட்ரூடோ உடைக்கப் பார்த்தார். அதிகாரிகளை வெளியே விட்டுவிட்டுத் தலைவர்கள் மட்டும் ஏதோ ஒரு மலையடிவாரத்திலோ கடற்கரையிலோ ஒதுங்கி உட்காரும் ‘ரிட்ரீட்’ அப்போது வந்ததுதான். 1979இல் லுசாகாவில் மார்கரெட் தாட்சர், தன்னைக் கடுமையாகத் திட்டிக்கொண்டிருந்த ஆப்பிரிக்கத் தலைவர்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தார். ரொடீசியா (இன்றைய ஜிம்பாப்வே) விவகாரத்தில் அங்கே ஏற்பட்ட உடன்பாடுதான் லண்டன் லங்காஸ்டர் ஹவுஸ் பேச்சுக்கு வழிவிட்டது. அடுத்த ஏப்ரலில் ஜிம்பாப்வே பிறந்தது. 1995 நவம்பர் 10 அன்று, ஆக்லாந்தில் மாநாடு தொடங்கிய அதே நாளில், நைஜீரியாவின் ராணுவ அரசு எழுத்தாளர் கென் சாரோ-விவாவையும் இன்னும் எட்டுப் பேரையும் தூக்கில் போட்டது. அதுவரை பொறுமையாகப் பேசிப் பார்ப்போம் என்று சொல்லிவந்த மண்டேலா கொதித்துப்போனார். மறுநாள் நைஜீரியா இடைநீக்கம்.

நைஜீரியாவுக்குச் செய்ததை இலங்கைக்கு ஏன் செய்யவில்லை என்று 2013இல் நம்மில் பலர் கேட்டோம். அந்த ஆக்லாந்து மாநாட்டிலேயே எழுதிய விதிமுறை முக்கியமாகக் குறிவைத்தது ராணுவப் புரட்சியை, அரசியல் சட்டத்தைத் தூக்கி எறிவதை. பிஜி, பாகிஸ்தான் எல்லாம் மாட்டியது அதில்தான். தேர்தல் நடத்தி, ஜெயித்து, அந்தப் பெரும்பான்மையை வைத்துக்கொண்டே சொந்த மக்களில் ஒரு பகுதியை நசுக்கும் அரசை என்ன செய்வது என்பதற்கு அதில் தெளிவான வழி இல்லை. 2011 பெர்த் மாநாட்டில் அந்த விதிமுறையைக் கண்காணிக்கும் அமைச்சர்கள் குழுவின் அதிகாரத்தைக் கொஞ்சம் விரித்தார்கள். காகிதத்தில் விரித்தது கொழும்பு வரை எட்டவில்லை. இத்தனைக்கும் அப்போது காமன்வெல்த் பொதுச்செயலாளர் கமலேஷ் சர்மா, நம் நாட்டுத் தூதராக இருந்தவர்.

நடத்துபவருக்குக் கிடைப்பது வெறும் புகைப்படம் மட்டும் இல்லை. மாநாடு நடத்தும் நாட்டின் தலைவர் அடுத்த மாநாடு வரை காமன்வெல்த்தின் தலைமைப் பொறுப்பில் இருப்பார். 1999 டர்பன் மாநாட்டிலிருந்து இந்த ஏற்பாடு. அதாவது போர்க்குற்ற விசாரணை வேண்டும் என்று உலகம் கேட்டுக்கொண்டிருந்த ஒரு அதிபர், மனித உரிமையைக் காப்பதாக அந்த ஆண்டு மார்ச்சில்தான் சாசனம் எழுதிய ஒரு சங்கத்துக்கு இரண்டு ஆண்டு தலைவர். அதற்காகத்தான் அவர்கள் 2011 மாநாட்டையே கேட்டார்கள். 2009இல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் பிரிட்டன் முதலான நாடுகள் தடுத்ததால் அது பெர்த்துக்குப் போய், கொழும்புக்கு 2013 கிடைத்தது. ஆக, நாம் சத்தம் போட்ட 2013 அக்டோபருக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே விஷயம் முடிந்துபோயிருந்தது. போர்ட் ஆஃப் ஸ்பெயினில் மன்மோகன் சிங் நேரில் இருந்தார். தடுத்திருக்க வேண்டிய இடம் அது.

1983 நவம்பர், டெல்லி

இதே மாநாடு ஒருமுறை டெல்லியில் நடந்தது. 1983 நவம்பர். இலங்கையில் தமிழருக்கு எதிரான ஜூலைக் கலவரம் நடந்து நான்கு மாதம். இந்திரா காந்தி தலைமை வகித்தார். தலைவர்கள் ரிட்ரீட்டுக்குக் கோவா போனார்கள், சர்வதேசப் பாதுகாப்பு பற்றி கோவா பிரகடனம் என்று ஒன்று வெளிவந்தது. அதை இன்றைக்கு ஆராய்ச்சி மாணவர்கள் தவிர யாரும் தேட மாட்டார்கள். ஆனால் அந்த மாநாட்டுக்கு இலங்கை அதிபர் ஜெயவர்த்தனா வந்திருந்தார்.

நிகழ்ச்சி நிரலில் ஈழத் தமிழர் பிரச்சினை இல்லை. இருக்கவும் முடியாது. ஆனால் வந்த இடத்தில் இந்திரா காந்தியோடும் அவருடைய தூதர் ஜி. பார்த்தசாரதியோடும் ஜெயவர்த்தனா உட்கார வேண்டியதாயிற்று. அந்தப் பேச்சுகளிலிருந்து வந்ததுதான் ‘இணைப்பு சி’ என்று பின்னால் அறியப்பட்ட ஆவணம். ஒரு மாகாணத்துக்குள் இருக்கும் மாவட்ட சபைகள் விரும்பினால் ஒன்றுசேர்ந்து ஒரு பெரிய சபையாகலாம் என்பது அதன் சாரம். 1984 ஜனவரியில் கொழும்பில் அனைத்துக் கட்சி மாநாடு கூடியது அதை முன்னால் வைத்துத்தான்.

அப்புறம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. பௌத்த பிக்குகளின் எதிர்ப்பு, சொந்தக் கட்சிக்குள் எதிர்ப்பு, ஜெயவர்த்தனாவே அந்தக் காகிதத்தைக் கைகழுவினார், ஆண்டு முடிவதற்குள் அனைத்துக் கட்சி மாநாடு படுத்துவிட்டது. எனவே, “பார்த்தீர்களா, போய்ப் பேசினால் நடக்கும்” என்று சொல்ல நான் இந்தக் கதையை எடுக்கவில்லை. நடக்கவில்லை. ஆனாலும் வடக்கு கிழக்குக்கு அதிகாரப் பகிர்வு என்ற பேச்சில் இந்தியா ஒரு தரப்பாக உட்கார்ந்து எழுத வைத்த ஆரம்பகாலக் காகிதங்களில் ஒன்று, உலக அமைதி பற்றிப் பேசுவதற்காகக் கூடிய ஒரு மாநாட்டின் தாழ்வாரத்தில் பிறந்தது. அது எனக்கு முக்கியமாகப் படுகிறது. கலவரம் நடந்து நான்கே மாதத்தில் இப்படி ஒருவரோடு கைகுலுக்குவதா என்று இந்திரா காந்தி ஜெயவர்த்தனாவை வர வேண்டாம் என்று சொல்லியிருந்தால் தமிழ்நாடு கைதட்டியிருக்கும். அந்தக் காகிதமும் வந்திருக்காது.

நூலகத்துக்கு வெளியே

2013 நவம்பர் 14 அன்று பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரூன் டெல்லியில் இருந்தார். கொழும்பு போகும் வழி. மன்மோகன் சிங்கைச் சந்தித்தார். போகிறவரும் போகாதவரும் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். அந்த அறையில் இலங்கையைப் பற்றி என்ன பேசினார்கள் என்று அறிய எனக்கு இன்னும் ஆசை. அங்கிருந்து கொல்கத்தா, பிறகு கொழும்பு. மறுநாள் வெள்ளிக்கிழமை தாமரைத் தடாகம் அரங்கில் தொடக்க விழா. அரசிக்குப் பதிலாக இளவரசர் சார்லஸ் வந்திருந்தார். 53 உறுப்பு நாடுகளில் 27 நாடுகளின் தலைவர்களே நேரில் வந்திருந்தார்கள். கண்டி நடனம், மேளம் எல்லாம் முடிந்ததும், மற்ற தலைவர்கள் கொழும்பிலேயே இருக்க, கேமரூன் விமானம் ஏறி யாழ்ப்பாணம் போனார்.

1948க்குப் பிறகு வெளிநாட்டு அரசின் தலைவர் ஒருவர் வடக்குக்குப் போனது அதுதான் முதல் முறை. பக்கத்தில் முப்பது மைல் கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கும் நாட்டின் பிரதமர்கள் யாரும் அதுவரை போனதில்லை.

யாழ்ப்பாணம் பொது நூலகத்தில் அவர் வடமாகாண முதலமைச்சர் விக்னேஸ்வரனைச் சந்தித்தார். வடமாகாண சபைக்கு அந்த செப்டம்பரில்தான் தேர்தல் நடந்திருந்தது. உள்ளே அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது வெளியே நூற்றுக்கணக்கானவர்கள், பெரும்பாலும் பெண்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு படம். பாஸ்போர்ட் அளவுப் படத்தைப் பெரிதாக்கியது, பள்ளிக்கூடக் குழுப்படத்தில் ஒரு தலையை மட்டும் வெட்டி எடுத்தது, கல்யாண ஆல்பத்திலிருந்து உருவியது, பிளாஸ்டிக் உறை போட்டது. காவலர்கள் கைகோத்து அவர்களைத் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடுக்கில் கைகளை நுழைத்து, கார்களை நோக்கிப் படங்களை நீட்டினார்கள். அதற்கு இரண்டு நாள் முன்னால் இப்படிப்பட்ட குடும்பங்கள்தான் கொழும்பில் நடக்கவிருந்த மனித உரிமைக் கூட்டத்துக்குப் பேருந்தில் புறப்பட்டு, வழியிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்கள். பிரிட்டனின் சேனல் 4 செய்திக் குழுவும் ரயிலில் வடக்கே போகப் பார்த்து அநுராதபுரத்தில் மறிக்கப்பட்டது. மாநாட்டுக்கு வர விடாதவர்களிடம் மாநாட்டுக்கு வந்த ஒருவர் போய்ச் சேர்ந்தார். அன்றைக்கு நடந்தது அவ்வளவுதான்.

நூலகத்திலிருந்து உதயன் நாளிதழ் அலுவலகம். அந்த ஏப்ரலில்தான் ஆயுதங்களோடு வந்தவர்கள் அச்சு இயந்திரத்தைக் கொளுத்தியிருந்தார்கள். கரிந்த இயந்திரத்தைப் பார்த்தார், கொல்லப்பட்ட ஊழியர்களின் படங்களைப் பார்த்தார். பிறகு சுன்னாகம் பக்கத்தில் சபாபதிப்பிள்ளை முகாம். சொந்த நிலத்தை ராணுவம் எடுத்துக்கொண்டதால் இருபது ஆண்டுக்கு மேலாகத் தகரக் கொட்டகையில் கிடந்த வலிகாமம் வடக்கு மக்கள் அங்கே இருந்தார்கள். கொழும்பு திரும்பியவர் மறுநாள், மார்ச்சுக்குள் நம்பகமான உள்நாட்டு விசாரணை நடக்காவிட்டால் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் சர்வதேச விசாரணைக்கு வலியுறுத்துவேன் என்றார். அந்தப் பேரவைக்குப் பிரிட்டன் அந்த வாரம்தான் தேர்வாகியிருந்தது. அன்றே முத்தையா முரளிதரனோடு கிரிக்கெட்டும் ஆடினார். கேமரூனுக்கு யாரோ தவறாகச் சொல்லியிருப்பார்கள் என்கிற தொனியில் முரளி பேசியதும் அப்போதுதான்.

அன்ரி அந்தக் காட்சிகளை யூடியூபில் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கேமரூன் வரும் இடத்தில் அல்ல, கூட்டம் வரும் இடத்தில் நிறுத்தி நிறுத்தி. என்ன அன்ரி என்றால், “தெரிஞ்ச முகம் ஏதும் இருக்கோ எண்டு பார்க்கிறன்” என்றார். அதற்குப் பிறகு அவர் அரசியல் எதுவும் பேசவில்லை.

காரணம் சொல்லாத கடிதம்

போனவர்தான் நல்லவர், போகாதவர்கள் எல்லாம் கெட்டவர்கள் என்று முடித்துவிடலாம். அப்படி முடியவில்லை. ஏனென்றால் இலங்கையை முன்னிட்டுப் போகவில்லை என்று பேசப்பட்டவர்கள் மூன்று பேர், மூவரும் ஒரே மாதிரி போகாமல் இருக்கவில்லை.

கனடா பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் அக்டோபரிலேயே, பாலியில் ஒரு வேறு மாநாட்டில் இருந்தபோது, மனித உரிமை நிலவரத்தைக் காரணமாகச் சொல்லி வர மாட்டேன் என்று பகிரங்கமாக அறிவித்தார். சொன்னதோடு நிற்கவில்லை. இலங்கை தலைமைப் பொறுப்பில் இருக்கும் இரண்டு ஆண்டுகளுக்குக் காமன்வெல்த் செயலகத்துக்குத் தரும் ஆண்டுக்கு 1 கோடி டாலர் விருப்ப நிதியையும் கனடா நிறுத்தியது. டொராண்டோ தமிழர் ஓட்டுக்காகச் செய்தார் என்பார்கள். இருக்கட்டுமே, ஓட்டு எதற்கு இருக்கிறது?

மொரீஷியஸ் பிரதமர் நவீன் ராம்கூலம் செய்தது எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. அடுத்த மாநாடு, 2015இல், மொரீஷியஸில்தான் நடப்பதாக இருந்தது. கொழும்புக்குப் போகாவிட்டால் அது கைநழுவும். போகவில்லை, நழுவியது, மால்டாவுக்குப் போய்விட்டது. பத்துப் பன்னிரண்டு லட்சம் பேர் வாழும் ஒரு தீவு. உலகத் தலைவர்கள் அங்கே வந்து இறங்குவது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். அதை விட்டுக்கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஒரு சுவரொட்டிகூட அடிக்கவில்லை நாம்.

மூன்றாவது நம் பிரதமர். அவர் ராஜபக்சேவுக்குக் கடிதம் எழுதினார். நேரில் வர இயலவில்லை என்று மட்டும் இருந்தது, காரணம் எதுவும் சொல்லப்படவில்லை என்றே செய்திகள் வந்தன. சண்டை போட்டுக்கொண்ட பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்குத் தான் போகாமல் மகன் கையில் மொய்க் கவரைக் கொடுத்தனுப்புவோமே, அந்த மாதிரி. கல்யாண வீட்டுக்கும் கோபம் இல்லை, கோபப்பட்ட சொந்தக்காரருக்கும், நான்தான் போகவில்லையே என்று சொல்லிக்கொள்ளலாம். 2011 பெர்த் மாநாட்டுக்கும் மன்மோகன் சிங் போகவில்லை. குடியரசுத் துணைத் தலைவர் ஹமீத் அன்சாரிதான் போனார். ஆக ஆஸ்திரேலியாவுக்கு வராததற்கும் கொழும்புக்கு வராததற்கும் ஆவணத்தில் பார்த்தால் ஒரு வித்தியாசமும் கிடையாது. இந்த வராமை ஒரு கண்டனம் என்பது நாம் சென்னையில் இருந்துகொண்டு நிரப்பிக்கொண்ட வாசகம்.

அவருக்கு நெருக்கடி இல்லை என்று சொல்ல மாட்டேன். அடுத்த ஆண்டு தேர்தல். சொந்தக் கட்சியின் தமிழ்நாட்டு அமைச்சர்களே போக வேண்டாம் என்றார்கள். வெளியுறவுத் துறையோ, போகாவிட்டால் சீனா உள்ளே வரும் என்று வழக்கமான பாட்டைப் பாடியிருக்கும். விக்னேஸ்வரன் யாழ்ப்பாணம் வரச் சொல்லி அழைத்திருந்தார். இத்தனைக்கும் நடுவே யாருக்கும் முழுதாகப் பிடிக்காத, யாரும் முழுதாக வெறுக்காத ஒரு வழியைப் பிடித்தார். அரசியலில் அது சாமர்த்தியம்தான்.

ஜெனீவாவில் நான்கு மாதம் கழித்து

இந்த மூன்று வகை வராமைக்கும் ஒரு வருகைக்கும் என்ன வித்தியாசம் என்று 2014 மார்ச் 27 அன்று ஜெனீவாவில், அந்த ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் தெரிந்தது. இலங்கையில் நடந்தவற்றை ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகமே விசாரிக்க வேண்டும் என்ற தீர்மானம். முன்மொழிந்த நாடுகளில் அமெரிக்காவோடு பிரிட்டன் இருந்தது. கொழும்புக்குப் போன பிரிட்டன். மொரீஷியஸும் இருந்தது. கொழும்புக்குப் போகாத மொரீஷியஸ். 23 நாடுகள் ஆதரவு, 12 எதிர்ப்பு, 12 நடுநிலை. அந்த 12இல் ஒன்று இந்தியா.

2012லும் 2013லும் இலங்கைக்கு எதிரான தீர்மானங்களுக்கு ஆதரவாக ஓட்டுப் போட்ட இந்தியா, உண்மையில் பல் உள்ள தீர்மானம் வந்தபோது கையைக் கட்டிக்கொண்டது. வெளியிலிருந்து வந்து விசாரிப்பதை ஏற்க முடியாது என்று அதற்கு ஒரு கொள்கை விளக்கம் சொன்னார்கள். நவம்பரில் போகாமல் இருந்தது கண்டனம் என்றால், மார்ச்சில் அந்தக் கண்டனம் எங்கே போயிற்று? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், போனதா போகாததா என்ற கேள்வியையே நாம் தப்பான இடத்தில் பிடித்துக்கொண்டிருந்தோமோ என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. பிரிட்டனும் மொரீஷியஸும் ஒன்று போயிற்று, ஒன்று போகவில்லை. இரண்டும் ஏதோ ஒன்றை இழக்கத் தயாராக இருந்தன, இரண்டும் காரணத்தை வாய்விட்டுச் சொன்னன. மார்ச்சில் இரண்டும் ஒரே பக்கம் நின்றன.

கேமரூனை நான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடவில்லை. அந்தத் தீவில் இன்றைக்கும் தீராத கணக்குகளில் பாதிக்கு ஆரம்பம் பிரிட்டிஷ் ஆட்சி. அவர் போனதற்கு லண்டன் தமிழர் ஓட்டும், அந்த ஊர் பத்திரிகைகளின் நெருக்கடியும் காரணமாக இருந்திருக்கும். அவர் போனதால் அந்தப் படங்களில் இருந்த ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. 2015 ஜனவரியில் ராஜபக்சே தேர்தலில் தோற்று, காமன்வெல்த் தலைமைப் பொறுப்பு புதிய அதிபர் சிறிசேனா கைக்கு வந்தது. செப்டம்பரில் ஐ.நா. அறிக்கை வந்தது, அதை அடுத்து இன்னொரு தீர்மானம் வந்தது. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் தெருவோரம் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். பிள்ளை எங்கே என்று கேட்டபடியே அவர்களில் பல தாய்மார் இறந்துபோனார்கள். இந்தியப் பிரதமர் ஒருவர் யாழ்ப்பாணம் போனது 2015 மார்ச்சில், மோடி. கேமரூன் போய்ப் பதினாறு மாதம் கழித்து.

ஆனால் என் மனக்குறை கேமரூன் மீதோ மன்மோகன் சிங் மீதோ இல்லை என்று இப்போது தெரிகிறது. அந்த அக்டோபர் 24 தீர்மானத்தின் மீதுதான். டெல்லியிடம் நாம் கேட்டவற்றிலேயே மிகச் சுலபமான ஒன்றை உரக்கக் கேட்டோம்: போகாதே. அதைச் செய்ய டெல்லிக்குப் பைசா செலவில்லை. ஒரு கடிதம், ஒரு அமைச்சர், முடிந்தது. செய்தும் கொடுத்துவிட்டு, அரைகுறையாகச் செய்தார்கள் என்று நம்மைத் திட்டவும் விட்டுவிட்டு, மார்ச்சில் நடுநிலை வகித்தார்கள். மாறாக, சட்டப்பேரவை இப்படி எழுதியிருந்தால்? பிரதமர் போகட்டும். ஆனால் விக்னேஸ்வரனின் அழைப்பை ஏற்று முதலில் யாழ்ப்பாணத்தில் இறங்கட்டும். வலிகாமம் வடக்கு நிலத்தை எப்போது விடுவிப்பீர்கள் என்று தேதி கேட்கட்டும். காணாமல் போனவர்களின் பட்டியலைக் கையோடு எடுத்துப்போய்த் தலைவர்கள் மட்டும் உட்காரும் அந்த அறையில் வைக்கட்டும். மார்ச்சில் ஜெனீவாவில் இந்தியா எந்தப் பக்கம் கை தூக்கும் என்று புறப்படும் முன்பே நாடாளுமன்றத்தில் சொல்லட்டும். இதில் எதற்குமே “ஒரு அமைச்சரை அனுப்பிவிட்டோம்” என்று பதில் சொல்ல முடியாது. மறுத்தால் மறுத்தது என்று பதிவாகியிருக்கும்.

அப்படி ஒரு தீர்மானத்தை எந்தக் கட்சி கொண்டுவந்திருக்கும் என்று நண்பன் கேட்டான். எதுவும் கொண்டுவந்திருக்காது. “போ” என்ற சொல்லில் தொடங்கும் எதையும் அந்த வருடம் தமிழ்நாட்டில் யாரும் எழுதியிருக்க முடியாது.